கரண்ட் போகிற அந்த ஒரு நொடி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "இருபது நிமிஷம் பேசணும்ப்பா. பழைய ஞாபகம் எல்லாம் வேண்டாம், அது சாப்பாட்டுப் பந்தியில் தானாக வந்துவிடும். பசங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லு" என்றார். அதனால் பெரிய தலைப்பு எதையும் தொடவில்லை. பேட்டரியைத் தள்ளிவிட்டால் நூறு ரூபாய்க்குள் அடங்குகிற ஒரு சின்ன சர்க்யூட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வீட்டு கரண்ட் இருக்கும்போது அதிலிருந்தும், போனவுடன் பேட்டரியிலிருந்தும் ஒரு கருவிக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. எங்கள் செட் கடைசி வருஷம் படித்தது 2012இல். மின்வெட்டு என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சின்ன வேலைக்குள் எத்தனை விஷயம் ஒளிந்திருக்கிறது என்பதை, போன வருஷம் நம்ம மாணவர்கள் மூன்று பேர் செய்த புராஜெக்ட் ஒன்றைப் பார்த்தபோதுதான் கோர்வையாக யோசித்தேன். அவர்கள் அனுமதியோடுதான் சொல்கிறேன். மூவரும் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை, பின்வரிசை என்று மட்டும் சொல்கிறேன்.

அதில் ஒரு தம்பியின் மாமா நாட்டுக்கோழி வளர்க்கிறார். இன்குபேட்டரில் முட்டை வைத்துப் பொரிக்க வேண்டும். கோழி முட்டைக்கு 21 நாள், சூடு 37.5 டிகிரி செல்சியஸ். கொஞ்ச நேரம் ஆறினால் கரு தாங்கிக்கொள்ளும். தாய்க்கோழியே இரை தின்ன எழுந்து போகத்தானே செய்கிறது? மணிக்கணக்காக ஆறினால் தாங்காது. ஒரு ராத்திரி எல்லோரும் தூங்கும்போது கரண்ட் போய், விடியற்காலையில் பார்க்கும்போது முட்டை எல்லாம் சில்லென்று கிடந்திருக்கிறது. பதினெட்டு நாள் உழைப்பு. அதற்குப் பிறகுதான் மாமா மருமகனிடம், "நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறியே, கரண்ட் போனா எனக்கு போன்ல தகவல் வர்ற மாதிரி ஒண்ணு பண்ணிக் கொடு" என்று கேட்டார். தகவல் வந்தால் எழுந்து போய் ஜெனரேட்டரைப் போட்டுவிடுவார். இன்குபேட்டரையே பேட்டரியில் ஓட்டச் சொல்லவில்லை. தன்னை எழுப்பிவிட்டால் போதும் என்றார்.

பையன்கள் செய்தார்கள். ஒரு மைக்ரோ கன்ட்ரோலர், ஒரு வெப்பநிலை சென்சார், ஒரு சின்ன டிஸ்ப்ளே, எஸ்.எம்.எஸ். அனுப்ப ஒரு ஜி.எஸ்.எம். மாட்யூல், பின்னால் ஒரு லித்தியம் செல். ரிவ்யூ நாளில் மேஜை மேல் வைத்து அடாப்டர் பின்னைப் பிடுங்கினார்கள், ஐந்தாவது வினாடி எஸ்.எம்.எஸ். வந்தது, கைதட்டல், நல்ல மார்க். பண்ணைக்குக் கொண்டுபோய் மாட்டி, முட்டை வைக்கும் முன் ஒரு சோதனை பார்ப்போம் என்று மாமா மெயின் சுவிட்சை அணைத்தார். எஸ்.எம்.எஸ். வரவில்லை. மறுபடி போட்டு மறுபடி அணைத்தார். வரவில்லை. பின்னைப் பிடுங்கிப் பார்த்தார்கள், வந்தது! சுவிட்சை அணைத்தால் வராது, பின்னைப் பிடுங்கினால் வரும். மாமாவுக்குச் சிரிப்பு. "அப்ப ராத்திரி கரண்ட் போறதுக்கு முன்னாடி நானே வந்து புடுங்கி விடணுமா?" என்று கேட்டாராம்.

இது ஏன் என்று சொல்வதற்கு முன், இந்த வேலையைச் செய்ய என்னென்ன வழி இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். கூட்டத்தில் கரும்பலகையில் படம் போட்டேன். மலரில் வார்த்தையாலேயே வரைய முயல்கிறேன். பேனாவும் காகிதமும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது ரிலே. கரண்ட் இருக்கும்போது ரிலே இழுத்துப் பிடித்திருக்கும், லோடு அடாப்டரோடு சேர்ந்திருக்கும். கரண்ட் போனதும் ரிலே விட்டுவிடும், லோடு பேட்டரிக்கு மாறும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் தட்டு மாற ஏறக்குறைய 10 மில்லி செகண்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தை ஒரு கெபாசிடர் தாங்கினால் போதும் என்று கணக்குப் போடுவோம். லோடு 80 மில்லி ஆம்பியர், வோல்டேஜ் 0.4க்கு மேல் இறங்கக் கூடாது என்றால், 0.08 பெருக்கல் 0.01 வகுத்தல் 0.4. விடை 2000 மைக்ரோ ஃபாரட். கடையில் 2200 கிடைக்கும், வாங்கிப் போட்டுவிடலாம்.

ஆனால் ரிலேயின் டேட்டா ஷீட்டில் இன்னொரு வரி உண்டு. நீல நிறத்தில் சர்க்கரைக் கட்டி மாதிரி இருக்குமே, அந்த 5 வோல்ட் ரிலேயை எடுத்துக்கொள்ளுங்கள். 3.75 வோல்ட் வந்தால் இழுக்கும். விடுவதற்கு? 0.5 வோல்ட்டுக்கு வந்தால்தான் நிச்சயம் விடும் என்று போட்டிருப்பார்கள். நடைமுறையில் அதற்குக் கொஞ்சம் மேலேயே விட்டுவிடலாம், ஆனாலும் இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம். கரண்ட் போனதும் அடாப்டரின் வோல்டேஜ் சட்டென்று பூஜ்யம் ஆவதில்லை. அதற்குள் இருக்கும் கெபாசிடர் காலியாகக் காலியாக 5, 4, 3, 2 என்று சரிந்து வருகிறது. அவ்வளவு நேரமும் ரிலே பிடித்த பிடியை விடாது. லோடும் அதே சரிவில் கூடவே இறங்கும். 3 வோல்ட்டில் கன்ட்ரோலர் செத்து, 1 வோல்ட்டில் ரிலே விட்டு, பேட்டரி வந்து கன்ட்ரோலரை மறுபடி உயிர்ப்பிக்கும். நாம் கணக்குப் போட்ட 10 மில்லி செகண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விளக்குக்கும் ஃபேனுக்கும் ரிலே சரி. நினைவு வைத்திருக்க வேண்டிய கருவிக்கு அது சரிப்படாது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது டையோடு. அடாப்டரிலிருந்து ஒன்று, பேட்டரியிலிருந்து ஒன்று, இரண்டும் லோடில் போய்ச் சேரும். எந்தப் பக்கம் வோல்டேஜ் அதிகமோ அது கொடுக்கும், மற்றது வாயை மூடிக்கொண்டிருக்கும். மாறுவதற்கு நேரமே ஆகாது. இதைவிட எளிய சர்க்யூட் கிடையாது. கடிகாரம், ரேடியோ போன்றவற்றுக்கு இதுவே தாராளம். பிரச்சினை, டையோடு வாங்குகிற கூலி. 1என்4007 என்றால் 0.7, ஓட்டம் கூடினால் 1 வோல்ட் வரை. ஷாட்கி டையோடு, 1என்5819 போல, 100 மில்லி ஆம்பியரில் 0.3க்குள், 1 ஆம்பியரில் 0.6 வரை. 12 வோல்ட் பேட்டரியில் இது பெரிதில்லை. ஒரே ஒரு லித்தியம் செல்லில், நிறைந்தால் 4.2, பெரும்பாலான நேரம் 3.7, இறங்கினால் 3.3 என்று இருக்கும் இடத்தில், 0.7 என்பது கூலி இல்லை, கொள்ளை. அதோடு ஷாட்கி தலைகீழாகக் கொஞ்சம் கசியும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரலாம். மாற்றவே வேண்டாமே, பேட்டரியை நிரந்தரமாக லோடோடு சேர்த்துக் கட்டிவிட்டு, சார்ஜரையும் அதிலேயே போட்டுவிட்டால் என்ன? பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அப்படித்தான். 48 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி வரிசை எப்போதும் லைனில் இருக்கும், ரெக்டிஃபையர் அதை மிதப்பாக வைத்திருக்கும். கரண்ட் போனால் எதுவும் மாறுவதில்லை, ஏனென்றால் மாற்ற எதுவுமே இல்லை. ஊரே இருட்டில் கிடக்கும்போதும் லேண்ட்லைன் போனில் டயல் டோன் வந்ததன் ரகசியம் அதுதான். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை 13.6 வோல்ட் வாக்கில் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். உங்கள் கருவி 12 வோல்ட்டில் ஓடுமானால் தயவுசெய்து இதையே செய்யுங்கள், என் பேச்சின் மீதியைக் கேட்க வேண்டாம்.

லித்தியத்துக்கு அது ஒத்துவராது. 4.2 வோல்ட் வந்து, ஓட்டம் குறைந்ததும் சார்ஜ் செய்வதை நிறுத்திவிட வேண்டும். எல்லோரும் வாங்குகிற டி.பி.4056 போர்டு 1 ஆம்பியருக்கு வைத்திருந்தால், ஓட்டம் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மில்லி ஆம்பியர் ஆனதும் நிறுத்தும். லோடும் அதே செல்லில் தொங்கிக்கொண்டு 100க்கு மேல் குடித்தால், செல் நிரம்பியதா, லோடு குடிக்கிறதா என்று சார்ஜருக்குத் தெரியாது. நிறுத்தவே நிறுத்தாது. ஆகவே கரண்ட் இருக்கும்போது லோடு அடாப்டரிலிருந்து நேராக எடுக்க வேண்டும், செல் தனியாகச் சார்ஜ் ஆக வேண்டும், கரண்ட் போனால் மட்டும் செல் லோடோடு சேர வேண்டும். இதற்காகத்தான் மாற்றுகிற சர்க்யூட்டே தேவைப்படுகிறது.

இப்போது பையன்கள் போட்டிருந்த சர்க்யூட்டுக்கு வருகிறேன். அடாப்டரின் 5 வோல்ட் ஒரு டையோடு வழியாக லோடுக்குப் போகிறது. செல்லுக்கும் லோடுக்கும் நடுவில் ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட். அதன் கேட், டையோடுக்கு முன்னால், அடாப்டர் வயரிலேயே கட்டப்பட்டிருக்கிறது. அங்கிருந்து ஒரு ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு. மொத்தம் மூன்றே பொருள். மைக்ரோசிப் கம்பெனியின் ஏ.என்.1149 என்ற குறிப்பில் இதே யோசனை விளக்கமாக இருக்கிறது.

வேலை செய்கிற விதம் அழகு. அடாப்டர் இருந்தால் கேட்டில் 5 வோல்ட். லோடு பக்கம் அதைவிடக் குறைவு. பி-சேனல் மாஸ்ஃபெட் திறக்க வேண்டுமானால் கேட், சோர்ஸைவிடக் கீழே இருக்க வேண்டும்; இங்கே மேலே இருக்கிறது, அதனால் கதவு சாத்தியே இருக்கும். அடாப்டர் போனதும் ரெசிஸ்டர் கேட்டைக் கிரவுண்டுக்கு இழுக்கிறது, கதவு திறக்கிறது. ஏ.ஓ.3401 போன்ற ஒன்றில், முழுக்கத் திறந்தபின் தடை 60 மில்லி ஓம் அளவுதான். 250 மில்லி ஆம்பியரில் 15 மில்லி வோல்ட் விழும். 0.7 எங்கே, 0.015 எங்கே!

இதில் முதல் பொறி, மாஸ்ஃபெட்டை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பது. புத்தகத்தில் பி-சேனல் என்றால் சோர்ஸ் சப்ளைக்கு, டிரெயின் லோடுக்கு என்று படித்திருப்போம். இங்கே தலைகீழ். டிரெயின் செல்லுக்கு, சோர்ஸ் லோடுக்கு. ஏன்? ஒவ்வொரு மாஸ்ஃபெட்டுக்குள்ளும் நாம் கேட்காமலே கூட வருகிற ஒரு டையோடு உண்டு. பி-சேனலில் அது டிரெயினிலிருந்து சோர்ஸ் பக்கம் ஓட்டத்தை விடும். கதவு சாத்தியிருந்தாலும் அந்தச் சந்து திறந்தே இருக்கும். அது செல்லிலிருந்து லோடு பக்கம் பார்த்திருந்தால் நமக்கு நல்லது. புத்தக வழக்கப்படி திருப்பி வைத்தால், லோடு பக்கத்து 4.7 வோல்ட் அந்தச் சந்து வழியாகச் செல்லுக்குள் நுழையும். சார்ஜர் ஐ.சி. ஒரு பக்கம் காவல் காத்துக்கொண்டிருக்கும், கொல்லைப்புறம் வழியாகக் கேள்வி கேட்பாரில்லாமல் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். ஓட்டம் குறையக் குறைய அந்த டையோடின் கூலியும் 0.6லிருந்து 0.4 பக்கம் இறங்கும். அதாவது செல் 4.2ஐத் தாண்டிப் போக இடம் உண்டு. லித்தியம் செல்லில் இது விளையாட்டில்லை.

இதில் மோசம் என்னவென்றால், தப்பாகத் திருப்பி வைத்த சர்க்யூட்டும் வேலை செய்யும். கரண்ட் இருந்தால் லோடு ஓடும், போனால் செல்லிலிருந்து ஓடும், எல்.இ.டி. சிமிட்டக்கூடச் சிமிட்டாது. ரிவ்யூவில் முழு மார்க் வாங்கிவிடலாம். எனவே தம்பி தங்கைகளே, லோடு ஓடுகிறதா என்று பார்ப்பதை விடுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு, செல்லின் வயரைத் துண்டித்து நடுவில் மில்லி ஆம்பியர் மீட்டரை வையுங்கள். அடாப்டர் இருக்கும்போது அங்கே பூஜ்யம் காட்ட வேண்டும். செல்லுக்குள் ஏதாவது போகிறது என்று காட்டினால் மாஸ்ஃபெட்டைத் திருப்பிப் பற்றவையுங்கள். நிறைந்த செல்லில் இந்தத் திருட்டு ஓட்டம் கண்ணில் படாமல் போகலாம். பாதி இறங்கிய செல்லை வைத்துப் பார்ப்பது உத்தமம்.

பையன்கள் இதைச் சரியாகத்தான் வைத்திருந்தார்கள். இன்னொன்றும் சரியாகச் செய்திருந்தார்கள். அவர்களுடைய ஜி.எஸ்.எம். மாட்யூலுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரைதான் ஆகும். அதனால் அடாப்டர் பக்கம் ஷாட்கி போடாமல் சாதாரண 1என்4007 போட்டு, அதில் விழுகிற 0.75ஐக் கழித்து 4.25க்குக் கொண்டுவந்திருந்தார்கள். நல்ல யோசனை. அந்தப் பக்கம் விழுகிற வோல்டேஜுக்குக் காசு கொடுப்பது மின்வாரியக் கணக்கு, நம் செல் இல்லை. பிறகு ஏன் மாமாவின் சுவிட்சுக்கு அது மசியவில்லை?

ரெசிஸ்டர். கேட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகிற அந்த ஒற்றை ரெசிஸ்டரை 100 கிலோ ஓம் போட்டிருந்தார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம். பின்னைப் பிடுங்கினால், அடாப்டரே சர்க்யூட்டை விட்டுப் போய்விடுகிறது. கேட் வயரில் மிச்சம் இருப்பது போர்டில் உள்ள சின்ன கெபாசிடர் மட்டும். 10 மைக்ரோ ஃபாரட்டை 100 கிலோ ஓம் ஒரு வினாடி வாக்கில் காலி செய்துவிடும். ஆனால் மெயின் சுவிட்சை அணைக்கும்போது அடாப்டர் மாட்டியபடியேதான் இருக்கிறது. அதன் வெளிவாசலில் 1000 மைக்ரோ ஃபாரட் அளவில் ஒரு கெபாசிடர். லோடு அதை முதலில் வேகமாகக் குடிக்கிறது, 4 வோல்ட்டுக்குப் பக்கம் வரை. அதற்குள் மாஸ்ஃபெட்டின் உள் டையோடு வழியாகச் செல் வந்து லோடைத் தாங்கிப் பிடித்துவிடுகிறது. அதற்கப்புறம் அடாப்டர் கெபாசிடரிலிருந்து குடிக்க ஆளில்லை, அந்த 100 கிலோ ஓமையும் சார்ஜர் ஐ.சி.யின் சில்லறைக் கசிவையும் தவிர. 1000 மைக்ரோ ஃபாரட், 100 கிலோ ஓம்: பெருக்கினால் 100 வினாடி! கசிவும் சேர்ந்து குடித்ததால் அவ்வளவு ஆகவில்லை. ஆனாலும் மீட்டர் வைத்துப் பார்த்தோம், கேட் இறங்கி மாஸ்ஃபெட் திறக்க 20 வினாடிக்கு மேல் ஆனது.

அந்த 20 வினாடியும் லோடு உள் டையோடின் தயவில் ஓடுகிறது. 80 மில்லி ஆம்பியர் வரை கவலையில்லை. செல் 4.15 என்றால் லோடுக்கு 3.5 போல் கிடைக்கும், டிஸ்ப்ளே எரியும், கன்ட்ரோலர் ஓடும். ஆனால் புரோகிராம் என்ன செய்கிறது? அடாப்டர் 4.5க்குக் கீழே போன உடனே எஸ்.எம்.எஸ். அனுப்பு என்று மாட்யூலை உசுப்புகிறது. ஜி.எஸ்.எம். மாட்யூல் அனுப்பும்போது தொடர்ச்சியாகக் குடிக்காது, 4.6 மில்லி செகண்டுக்கு ஒரு முறை, அரை மில்லி செகண்டுக்குச் சற்று மேலாக, 2 ஆம்பியர் வரை மடக் மடக்கென்று இழுக்கும். 2 ஆம்பியரில் உள் டையோடு 0.85 தின்னும். செல்லும் அதன் பாதுகாப்பு போர்டும் சேர்ந்து ஒரு கால் வோல்ட். மிச்சம் 3.05. மாட்யூலுக்கு வேண்டியது 3.4. அது பொத்தென்று அணைந்து மறுபடி முதலிலிருந்து நெட்வொர்க்கைத் தேடப் போய்விடும். எந்த ஒரு நிமிஷத்துக்காக இத்தனையும் செய்து வைத்தோமோ, சரியாக அந்த நிமிஷத்தில் கருவி மயங்கி விழுகிறது. மற்ற 21 நாளும் பிரமாதமாக ஓடும்!

மருந்து சின்னது. 100 கிலோ ஓமைக் கழற்றி 1 கிலோ ஓம் போட்டோம். கரண்ட் இருக்கும்போது 5 மில்லி ஆம்பியர் வீணாகும். 25 மில்லி வாட், கால் வாட் ரெசிஸ்டருக்குத் தூசு. அதுவும் அடாப்டர் தருவது. கரண்ட் போய்க் கேட் பூஜ்யம் ஆனபின் அந்த ரெசிஸ்டரில் எதுவும் ஓடாது, செல்லுக்கு நஷ்டமே இல்லை. மிச்சம் பிடிக்கத் தேவையில்லாத இடத்தில் மிச்சம் பிடித்ததுதான் வினை. இரண்டாவதாக, புரோகிராமில் ஒரு வரி மாற்றினோம்: கேட் வயரின் வோல்டேஜைப் படித்து, அது 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, அங்கேயே பத்து வினாடி இருந்த பிறகுதான் எஸ்.எம்.எஸ். கதவு திறந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு நடப்பது மாதிரி. கதவு திறந்தபின் 2 ஆம்பியருக்கு மாஸ்ஃபெட்டில் விழுவது 0.12 மட்டும், லோடுக்கு 3.8 கிடைக்கிறது. கரண்ட் ஒரு நொடி கண்ணடித்துவிட்டு வருவதற்கெல்லாம் மாமாவை எழுப்பாது என்பது கூடுதல் லாபம். லோடு பக்கம் 1000 மைக்ரோ ஃபாரட் ஒன்றை மாட்யூலின் காலடியிலேயே வைத்தோம், அந்த அரை மில்லி செகண்டு இழுப்புக்கு.

அதற்குப் பிறகு மாமா மெயின் சுவிட்சை அணைத்தார். பதினைந்தாவது வினாடியோ என்னவோ போன் "டிங்" என்றது. அவர் நம்பவில்லை. ஏழெட்டுத் தடவை போட்டுப் போட்டு அணைத்தார், எஸ்.எம்.எஸ். பேலன்ஸ்தான் தீர்ந்தது.

ஆகவே சோதிக்கும்போது பின்னைப் பிடுங்காதீர்கள். சுவரில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள். முடிந்தால் செல் பாதி இறங்கியிருக்கும்போது அணையுங்கள். கரண்ட் போவது என்பது சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிற காரியம், நம் மேஜையில் நடப்பதில்லை. இதே காரணத்தால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய எலிமினேட்டரை இந்தச் சர்க்யூட்டுக்குக் கொடுக்காதீர்கள். கிராமத்தில் சாயங்காலம் லோ வோல்டேஜ் வந்தால் அதன் வெளியீடு 4 வோல்ட்டில் வந்து நிற்கும். கதவு திறக்கவும் மாட்டாது, சாத்தவும் மாட்டாது, மணிக்கணக்கில் உள் டையோடிலேயே வண்டி ஓடும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்ட எஸ்.எம்.பி.எஸ். அடாப்டர், இருந்தால் ஒழுங்காக 5 தரும், இல்லையென்றால் ஒன்றும் தராது.

மாஸ்ஃபெட் வாங்கும்போது ஒரு வார்த்தை. ரிச்சி தெருவில் பி-சேனல் என்று கேட்டால் ஐ.ஆர்.எஃப்.9540ஐ எடுத்து நீட்டுவார்கள். நல்ல உருப்படிதான், ஆனால் முழுக்கத் திறக்க கேட்டுக்கு 10 வோல்ட் கேட்கும் ஜாதி. நம்மிடம் இருப்பது மூன்றரை. அரைக்கண் திறந்துவிட்டுச் சூடாகிக்கொண்டிருக்கும். 2.5 வோல்ட்டிலேயே திறக்கும் என்று டேட்டா ஷீட்டில் போட்டிருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். பொடிசாகத்தான் இருக்கும், பற்றவைக்கக் கண்ணாடி வேண்டும். அதேபோல் கன்ட்ரோலருக்கு முன்னால் ஏ.எம்.எஸ்.1117 ரெகுலேட்டர் போட்டால் அது தன் பங்குக்கு 1 வோல்ட் சாப்பிடும். மாஸ்ஃபெட்டில் மிச்சம் பிடித்ததை அங்கே தொலைத்த கணக்கு. எம்.சி.பி.1700 போன்றது போதும். கன்ட்ரோலர் ஏ.டி.மெகா328 என்றால் 16 மெகா ஹெர்ட்ஸில் அதற்கு 3.8 வோல்ட்டாவது வேண்டும், செல்லை நம்பி ஓட்டுவதானால் 8 மெகா ஹெர்ட்ஸ் வையுங்கள்.

இதே கதையின் குட்டி வடிவம் ஒன்று உங்கள் எல்லோர் டப்பாவிலும் இருக்கிறது: நேரம் காட்டும் கடிகார ஐ.சி. டி.எஸ்.1307க்குள் இந்த மாற்றுகிற வேலை அவ்வளவும் உள்ளேயே இருக்கிறது. சப்ளை, பேட்டரி வோல்டேஜைப் போல ஒன்றேகால் மடங்குக்குக் கீழே வந்ததுமே வெளியார் எழுதுவதை நிறுத்திவிடும். இன்னும் இறங்கினால் சத்தமில்லாமல் செல்லுக்கு மாறும். அப்போது அது குடிப்பது அரை மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. சி.ஆர்.2032 காசுச் செல் 220 மில்லி ஆம்பியர் மணி. வகுத்தால் 50 வருஷம் வரும்! அதற்கு வெகு முன்னாலேயே செல் தானாகக் காய்ந்துவிடும், அது வேறு. ஆனால் டி.எஸ்.3231 வைத்து மலிவாக வருகிற நீல போர்டில், செல்லைச் சார்ஜ் செய்ய ஒரு டையோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் வைத்திருக்கிறார்கள், சார்ஜ் ஆகும் வகைச் செல்லை மனதில் வைத்து. அதில் நாம் சாதாரண சி.ஆர்.2032ஐப் போட்டு 5 வோல்ட்டில் ஓட்டினால், சார்ஜ் செய்யவே கூடாத செல்லுக்குள் நாள் முழுக்க ஓட்டம் போய்க்கொண்டிருக்கும். அந்த ரெசிஸ்டரைப் பிடுங்கி எறிந்துவிடுங்கள். இங்கேயும் நேரம் சரியாகத்தான் காட்டும், அதனால் யாரும் கவனிப்பதில்லை.

இத்தனை தொல்லை எதற்கு, ஒரே ஐ.சி. கிடையாதா என்று முன்வரிசை ஐயா கேட்கிறார். உண்டு. எல்.டி.சி.4412 வெளியே ஒரு மாஸ்ஃபெட்டை வைத்துக்கொண்டு 20 மில்லி வோல்ட் மட்டும் விழுகிற டையோடு போல நடக்கும். டி.பி.எஸ்.2113 இரண்டு சப்ளையில் எது வேண்டுமோ அதைத் தானே தேர்ந்தெடுக்கும். விற்பனைக்குப் பொருள் செய்தால் அதைத்தான் போடுவேன். ஆனால் படிக்கிற காலத்தில் ஒரு தடவை மூன்று பொருளில் செய்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு அதற்குப் போங்கள்.

செல்லைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். 18650 என்பது 18 மில்லி மீட்டர் விட்டம், 65 மில்லி மீட்டர் நீளம், அவ்வளவுதான். அந்த அளவுக்குள் நல்ல கம்பெனி செல்லில் 2000 முதல் 3500 மில்லி ஆம்பியர் மணி வரை வரும். 9900 என்று அச்சடித்து வருவதை நம்பாதீர்கள். 2000 என்று வைத்து 80 மில்லி ஆம்பியருக்குக் கணக்குப் போட்டால் 25 மணி நேரம், 20 என்று வையுங்கள். மாமாவுக்கு ஒரு ராத்திரி போதும். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. பண்ணையில் தகரக் கூரை, சித்திரை வெயில். பையன்கள் முதலில் பெட்டியை இன்குபேட்டரின் தலைமேல் திருகி வைத்திருந்தார்கள். இப்போது அது வடக்குச் சுவரில், மாமாவின் கட்டிலுக்கு எதிரே தொங்குகிறது.

அந்த போர்டில் ஒன்றை மாமாவிடம் கடன் வாங்கி வந்திருக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் மூன்று மணிக்கு எலக்ட்ரானிக்ஸ் லேபில் இருப்பேன். சுவர் சுவிட்சு, மீட்டர், சாலிடரிங் அயர்ன் எல்லாம் தயார். 100 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் புராஜெக்ட் போர்டு இருந்தால் எடுத்து வாருங்கள், செல்லோடு.